அப்பாவின் மூச்சுத்திணறல் கூடும்போது வீட்டில் உள்ள மாத்திரைகளை எப்போது தொடங்குவது?

பிறைவாசி (கேள்வி)

வணக்கம். என் தந்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது மருத்துவமனையில் சிஓபிடி என்று சொல்லப்படுவது, அவருக்கு இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்பு ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் உறுதியானது. இளமையில் கெடா மாநிலத் தோட்டம் ஒன்றில், ரப்பர் ஷீட்டுகளை விறகுப் புகையில் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவர். சிகரெட்டையும் நோய் தெரிந்த பிறகுதான் விட்டார். கடந்த ஆண்டில் மூச்சுத்திணறல் முற்றியதால் ஒரு தடவைக்கு மேல் அவரை வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று.

கடைசியாக வீட்டுக்கு அனுப்பியபோது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு தாளை மலாய் மொழியில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். நோய் கூடினால் தொடங்கிக்கொள்ளும்படி ஐந்து நாளுக்கான பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகளையும் ஓர் ஆன்டிபயாட்டிக்கையும் தனித்தனி உறைகளில் தந்தார்கள். இருமல், சளி, மூச்சுத்திணறல் ஆகியவை வழக்கத்தைவிடக் கூடினால் தொடங்கவும் என்று மஞ்சள் கட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்பாவோ தினமும் காலையில் இருமுகிறார். தினமும் சளி வருகிறது. படி ஏறினால் தினமும் மூச்சு வாங்குகிறது. இதில் எது வழக்கம், எது கூடுதல் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ எதைக் கேட்டாலும் அப்பா "ஓகே டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார். நான் உடன் சென்றால் பேச்சு மருத்துவருக்கும் எனக்கும் இடையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான், பம்பில், அதாவது இன்ஹேலரில், அவருக்கு நம்பிக்கையே இல்லை என்பதும், கிளினிக்கில் கேஸ் (மருந்தை ஆவிபோல் முகமூடி வழியே தரும் நெபுலைசர்) வைத்தால்தான் சரியாகும் என்று அவர் நினைப்பதும் தெரிகிறது. அவருக்கு நீரிழிவும் இருப்பதால் பிரெட்னிசலோனைத் தொடங்கச் சற்று அச்சமாகவும் இருக்கிறது. எந்த நிலையில் மாத்திரையைத் தொடங்குவது, எந்த நிலையில் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்வது, இவற்றையெல்லாம் அப்பாவே புரிந்துகொண்டு மருத்துவரிடம் பேசும்படி எப்படிச் செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.


செந்தூல் ஓய்வாசிரியர்

மகளே, நானும் இதே நோயோடு வாழ்பவன்; தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மருத்துவ விளக்கங்களை அறிந்தவர்களுக்கு விட்டுவிட்டு, நோயாளியின் பக்கத்திலிருந்து மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் தந்தையிடம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் பதில் வரும். அது பொய்யன்று. இந்த நோய் மெல்ல மெல்ல ஏறுவதால், மூச்சு வாங்க வைக்கும் வேலைகளை நாங்களே ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வருகிறோம்; சந்தைக்குப் போவதை நிறுத்தியவனுக்குச் சந்தைக்குப் போகும் வழியில் மூச்சு வாங்குவதில்லை. ஆகவே உணர்வைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள். குளித்துவிட்டு வந்து உட்காராமலேயே சட்டையைப் போட முடிந்ததா, சோறு உண்ணும்போது நடுவில் நிறுத்தி மூச்சு விட வேண்டியிருந்ததா, தொலைபேசியில் அத்தையிடம் பேசியபோது பேச்சு அறுந்து அறுந்து வந்ததா, இரவில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டாரா, மூச்சு அடைத்தவுடன் எடுக்கும் நீலப் பம்பை நேற்று எத்தனை தடவை எடுத்தார் என்று கேட்டால், அவர் பதில் சொல்லாவிட்டாலும் நீங்களே பார்த்துக்கொள்ள முடியும்.

நோய் அடங்கியிருக்கும் ஒரு வாரத்தில் இவற்றை அவருடைய வாய்ச்சொல்லிலேயே, தமிழில், எழுதி வையுங்கள். சளியின் நிறத்தையும் அளவையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் அவருடைய வழக்கம்; மஞ்சள் கட்டம் அதிலிருந்து விலகுவதைத்தான் கேட்கிறது. என் வீடு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று இளைப்பாறுவது எனக்கு வழக்கம். முதல் மாடியிலேயே நிற்க நேர்ந்தால் நான் என்ன சமாதானம் சொன்னாலும் என் மனைவி கிளினிக்கை அழைத்துவிடுவார்.

"ஓகே டாக்டர்" பற்றியும் ஒரு சொல். வகுப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் மாணவனைப் போலத்தான் நாங்கள் மருத்துவரின் முன் உட்கார்ந்திருக்கிறோம். புரிந்துவிட்டது என்பதற்காகத் தலையாட்டவில்லை, பாடம் சீக்கிரம் முடியட்டும் என்பதற்காகத் தலையாட்டுகிறோம். வெளியே வரிசை நீள்கிறது என்ற கூச்சமும், சிகரெட்டுப் பேச்சை மறுபடி எடுப்பாரோ என்ற வெட்கமும், உண்மையைச் சொன்னால் மீண்டும் வார்டில் போட்டுவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்து எங்கள் வாயை அடைத்துவிடுகின்றன. இவற்றில் உங்கள் தந்தைக்கு எது என்பதை வீட்டிலேயே, கோபம் காட்டாமல், ஒரு நாள் பேசிப் பாருங்கள்.


கோலாலம்பூர் மருந்தாளர்

ஆசிரியர் ஐயா சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். நான் அரசு மருத்துவமனையில் நுரையீரல் நோயாளிகளுக்கான மருந்து ஆலோசனைப் பிரிவில் பணிபுரிகிறேன். பல அரசு மருத்துவமனைகளில் இத்தகைய பிரிவை எம்டேக் என்ற சுருக்கப் பெயரால் அழைப்பார்கள். மருத்துவரிடம் கேட்டால் அனுப்பி வைப்பார். மருத்துவரின் அறையில் கிடைக்காத நேரம் அங்கே கிடைக்கும் என்பதே அதன் முதற்பயன்.

சகோதரி, "புரிந்ததா?" என்ற கேள்வியால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவ ஆலோசனையில் கேட்டவற்றில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனடியாகவே மறந்துபோகிறது என்று 2003-இல் வெளியான ஒரு மீளாய்வு தொகுத்துச் சொன்னது. நினைவில் நின்றவற்றிலும் ஏறத்தாழப் பாதி தவறாக நிற்கிறது என்றும் அது குறிப்பிட்டது. இதற்கு மாற்றாக உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் முறை மிக எளியது: சொல்லி முடித்ததும், கேட்டவரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வது, கருவியாக இருந்தால் செய்து காட்டச் செய்வது, தவறு இருந்தால் வேறு விதமாகச் சொல்லி மறுபடி கேட்பது. சான்பிரான்சிஸ்கோவில் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தி 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன கருத்துகளில் 12 விழுக்காட்டை மட்டுமே இவ்வாறு சரிபார்த்தார்கள் என்று தெரிந்தது. சரிபார்த்த மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. அது நுரையீரல் ஆய்வு இல்லை என்றாலும், பம்பு விஷயத்தில் நான் அன்றாடம் காண்பதும் அதுவே.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஐயா, நான் சரியாகச் சொன்னேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும், இன்று இரவு மூச்சு அடைத்தால் முதலில் எதை எடுப்பீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள்" என்று கேட்டால் அது சொல்லிக்கொடுத்தவரைச் சோதிப்பதாக இருக்கிறது, பெரியவருக்குத் தலைகுனிவு இல்லை. உங்கள் தந்தையின் மருத்துவரோ தாதியரோ இதைச் செய்யாவிட்டால், "அப்பா ஒரு தடவை சொல்லிக் காட்டட்டுமா?" என்று நீங்களே கேட்கலாம். யாரும் மறுக்கமாட்டார்கள்.

பம்பில் நம்பிக்கை இல்லை என்றால், பெரும்பாலும் மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை என்று பொருள். நாற்பது ஆண்டுகால ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு மீளாய்வின்படி, இன்ஹேலரை முற்றிலும் சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 விழுக்காட்டினர்தாம். அந்த நாற்பது ஆண்டுகளில் முன்னேற்றமும் இல்லை. நோயாளிகளைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. அழுத்தும் பம்பை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். தூள் மருந்துக் கருவியை விசையோடு, வேகமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டு ஒரே நாளில் கொடுத்தனுப்பினால் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

அழுத்தும் பம்பின் வாயில் பொருத்தி, அதன் வழியே மருந்தை இழுக்கும் ஸ்பேசர் குழாயைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரே ஒரு தடவை அழுத்தி, மெதுவாக இழுத்து, இயன்றவரை மூச்சை அடக்கச் செய்யுங்கள். அடக்க முடியாத நிலையில் இயல்பாக நான்கைந்து மூச்சு விட்டாலும் போதும். அதன் பிறகே அடுத்த அழுத்தல். இரண்டு மூன்று அழுத்தல்களை ஒன்றாக நிரப்பி இழுப்பதால் மருந்து வீணாகிறது. ஸ்பேசரைச் சவர்க்கார நீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துடைத்தால் உண்டாகும் மின்னேற்றத்தால் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேஸ் பற்றிய நம்பிக்கைக்கு வருகிறேன். நெபுலைசரில் போடுவதும் பெரும்பாலும் அதே நீலப் பம்பில் உள்ள, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் மருந்துதான். மூச்சுக்குழாய் விரிவதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கோல்ட் எனப்படும் பன்னாட்டு வழிகாட்டி சொல்கிறது. மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கு நெபுலைசர் எளிதாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இதை விவாதித்து வெல்ல முயலாதீர்கள். கேஸ் வைக்கும்போது அவர் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்கிறார், ஒருவர் அருகில் நிற்கிறார், மருந்து முழுவதும் உள்ளே போகிறது. ஸ்பேசரோடு அதே அமைதியையும் அதே உடனிருப்பையும் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். அவரே வேறுபாட்டை அளந்துகொள்வார்.


பட்டர்வொர்த் தாதியர்

எல்லாரும் சொல்லிக்கொடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். நான் சற்று மாறுபடுகிறேன். வார்டில் நான் பார்க்கும் நோயாளிகளில், உறையில் இருந்த மாத்திரையைத் தின்று கொண்டு நான்கு நாள் வீட்டிலேயே காத்திருந்து, உதடு நீலம் பாய்ந்த பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். "மருந்துதான் கையில் இருக்கிறதே" என்ற தைரியம்தான் காரணம். மருத்துவம் தெரியாத குடும்பத்தின் கையில் ஸ்டீராய்டையும் ஆன்டிபயாட்டிக்கையும் கொடுத்துவிட்டு, ஒரு தாளை நம்பி அனுப்புவது சரிதானா என்று நான் எப்போதும் யோசிப்பதுண்டு. ஒவ்வொரு தடவையும் கிளினிக்குக்கு வந்து காட்டிவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.


ஜார்ஜ்டவுன் மருத்துவர்

தாதியர் எழுப்பிய ஐயம் அடிப்படையற்றதன்று. முதலில் அதற்கே பதில் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனெனில் பிறைவாசி கேட்ட கேள்வியின் பாதி விடை அதில் இருக்கிறது.

கனடாவின் கியூபெக்கில் 191 நோயாளிகளிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் தாமே நோயைக் கவனிக்கக் கற்றுத்தரப்பட்டு, உங்கள் மூன்று கட்டத் தாளைப் போன்ற எழுத்துத் திட்டமும் தொடர்ந்து பேசும் ஒரு பணியாளரும் கொடுக்கப்பட்டவர்கள், நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 743 பேரிடம் நடந்த, 2010-இல் வெளியான ஆய்விலும், ஒரே ஒரு பயிற்சி அமர்வு, எழுத்துத் திட்டம், மாதந்தோறும் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றால் சேர்க்கையும் அவசரப் பிரிவு வருகையும் தெளிவாகக் குறைந்தன. ஆனால் அதே படைவீரர் மருத்துவமனை அமைப்பில், ஏறக்குறைய அதே முறையில் 426 பேரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வை நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது: திட்டம் கொடுக்கப்பட்டவர்களில் 28 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 10 பேரும் இறந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் தேடியும் இதற்கு முழுமையான காரணம் கிடைக்கவில்லை. எழுத்துத் திட்டம் தீங்கற்ற ஒரு தாள் என்று எண்ணுகிற ஒவ்வொருவரும் இந்த ஆய்வை நினைவில் கொள்ள வேண்டும்.

இதே 2012-இல் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பயிற்சியும் மருந்தும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் மட்டுமே, நோய் கூடியபோது சரியான நேரத்தில் சரியான மருந்தைத் தொடங்கினார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. அவ்வாறு சரியாகச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால், ஒப்பீட்டளவில் வயது குறைந்தவர்களும், தனியாக வாழாமல் உடன் ஒருவரோடு வாழ்பவர்களுமே. பிறைவாசி அவர்களே, எழுபது வயதுத் தந்தைக்கு இந்தத் திட்டம் பயன்படுமா என்பது பெருமளவு நீங்கள் உடன் இருப்பதைப் பொறுத்தது. ஆகவே தாதியரோடு நான் உடன்படாத இடம் ஒன்றே ஒன்று: மாத்திரையை வீட்டில் வைப்பது தவறில்லை, மாத்திரையைத் தொடங்கிய அன்றே தொலைபேசியில் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் வைப்பதுதான் தவறு. ஒவ்வொரு தடவையும் காட்டிவிட்டுத் தொடங்குவது என்றால், வெள்ளிக்கிழமை இரவு கூடிய மூச்சுத்திணறல் திங்கட்கிழமைவரை காத்திருக்கும். இலண்டன் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்றும், சொல்லாமலே விட்டவர்கள் மருத்துவமனைக்குச் செல்லும் வாய்ப்பு கூடியது என்றும் காட்டியது.

இனி, எப்போது தொடங்குவது என்பது. மூச்சுத்திணறல், அல்லது இருமலும் சளியும், பதினான்கு நாளுக்கு உட்பட்ட காலத்தில் வழக்கத்தை மீறி மோசமாவதையே நோய் தீவிரமடைதல் என்று கோல்ட் வழிகாட்டியின் இன்றைய வரையறை சொல்கிறது. ஒரு நாள் கூடி மறுநாள் அடங்குவது இந்நோயில் இயல்பு. எனவே ஆசிரியர் எழுதி வைக்கச் சொன்ன அந்த வழக்கத்திலிருந்து விலகல் தெரிந்ததும், முதலில் நீலப் பம்பை ஸ்பேசரோடு, தாளில் எழுதியுள்ள அளவில், கூடுதலாக எடுக்க வேண்டும். தினசரி மருந்தை நிறுத்தக் கூடாது. அதன் பிறகும் ஒன்றிரண்டு நாளில் அடங்காமல் மூச்சுத்திணறல் கூடுதலாகவே நின்று அன்றாட வேலைகளைத் தடுத்தால், பிரெட்னிசலோனைத் தொடங்கும் நேரம் அது. பல திட்டங்கள் இந்த இடைவெளியை 24 முதல் 48 மணி நேரம் என்று வகுக்கின்றன. உங்கள் தாளில் வேறு விதமாக இருந்தால் தாளில் உள்ளதே உங்களுக்கு விதி.

ஆன்டிபயாட்டிக்குக்கு வேறு அளவுகோல். 1987-இல் கனடாவின் வின்னிபெக்கில் நடந்த ஆய்விலிருந்து இன்றுவரை மூன்று அறிகுறிகளைப் பார்க்கிறோம்: மூச்சுத்திணறல் கூடுதல், சளியின் அளவு கூடுதல், சளி சீழ்நிறமாக மாறுதல். மூன்றும் இருந்தாலோ, நிறமாற்றத்தோடு மற்றொன்று இருந்தாலோ ஆன்டிபயாட்டிக் பயன்தரும். நிறத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் பச்சை நிறச் சளியில் 84 விழுக்காட்டிலும், வெள்ளைச் சளியில் 38 விழுக்காட்டிலும் பாக்டீரியா வளர்ந்தது. ஆகவே வெள்ளைத் தாளில் துப்பி, பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சளி வழக்கம்போல் வெள்ளையாகவே இருந்தால் இரண்டு உறைகளையும் ஒன்றாகத் திறக்கத் தேவையில்லை. இதை உங்கள் மருத்துவரிடம் உறுதி செய்து, ஒவ்வோர் உறையின் மேலும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிரெட்னிசலோன் ஐந்து நாள் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 314 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்ததும் பதினான்கு நாள் கொடுத்ததும், அடுத்த ஆறு மாதத்தில் நோய் திரும்புவதைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று குறைந்ததாக இல்லை. ஐந்து நாளில் முடிக்கும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டியதும் இல்லை. மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த சளிக்கு, முழங்கால் வலிக்கு, பக்கத்து வீட்டாருக்கு என்று எடுப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகளைப் பற்றி நான் வளவளவென்று எழுத விரும்பவில்லை. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமை, உதடோ நகமோ நீலமாதல், பகலில் வழக்கத்துக்கு மாறான தூக்கமயக்கம் அல்லது குழப்பப் பேச்சு, நெஞ்சுவலி, நீலப் பம்பு எடுத்தும் சற்றும் தணியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் அது நுரையீரலில் இரத்தக் கட்டியாக இருக்கலாம். இரண்டு காலும் வீங்கிப் படுக்கவே முடியாமல் போனால் இதயமாக இருக்கலாம். சிஓபிடி உள்ளவருக்கு மூச்சு அடைத்தால் எல்லாமே சிஓபிடி என்று எண்ணிவிடுவது மருத்துவர்களிடமும் காணப்படும் பழக்கம்.

ஆம்புலன்ஸ் வந்தால் முதல் வாக்கியத்திலேயே சிஓபிடி என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 405 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜனை அளவின்றிக் கொடுப்பதைவிட, இரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி அளந்து கொடுத்தபோது இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. உங்கள் தந்தைக்கும் இதே இலக்குதானா என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணைத் தாளின் தலைப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி: குடும்பத்தார் மொழிபெயர்க்கும்போது விடுபடுவதும் சேர்வதும், பயிற்சி பெற்றவர் செய்யும்போது நேர்வதைவிட அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த தாதியரோ மருந்தாளரோ அநேகமாக ஒருவராவது இருப்பார், கேட்டால் அழைப்பார்கள். யாரும் கிடைக்காவிட்டால், அப்பாவை மருத்துவருக்கு நேரே உட்கார வைத்து, நீங்கள் சற்றுப் பின்னால் உட்காருங்கள். அவர் சொன்னதை மட்டும் மொழிபெயருங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில், என் கருத்து இது என்று தனியாகச் சொல்லுங்கள். இது எளிதாகத் தோன்றினாலும், பாசமுள்ள பிள்ளைகளுக்கு மிகக் கடினம்.


பிறைவாசி

ஒவ்வொருவருக்கும் என் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி அப்பாவோடு உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன். குளியலறையிலிருந்து அறைக்கு வரும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவரே சொன்னார். இத்தனை நாளும் அது எனக்குத் தெரியாது. மருத்துவர் ஐயாவிடம் மேலும் சில ஐயங்கள். பிரெட்னிசலோன் எடுக்கும் நாட்களில் சர்க்கரையை எப்படிப் பார்ப்பது? தொற்றுக்காலத்தில் விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் ஒன்றை வாங்கினோம், அதை நம்பலாமா? புகைமூட்டக் காலத்தில் என்ன செய்வது? வீட்டில் அம்மா வெள்ளி, செவ்வாய்களில் சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொல்லவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.


ஜார்ஜ்டவுன் மருத்துவர்

காலையில் உணவுக்குப் பின் எடுக்கும் பிரெட்னிசலோன், மதியத்துக்குப் பிறகு மாலைவரை சர்க்கரையை ஏற்றும். காலை வெறும் வயிற்று அளவு நன்றாக இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அந்த ஐந்து நாளும் மாலையிலும் அளந்து பாருங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் அழைக்க வேண்டும் என்பதை இப்போதே, அவர் நலமாக இருக்கும்போதே, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர் என்பதற்காகத் தேவைப்படும் நேரத்தில் மாத்திரையைத் தவிர்ப்பது சரியாகாது.

ஆக்சிமீட்டரைத் தனி எண்ணாகப் பார்க்காமல், அவருடைய வழக்கமான எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நலமாக இருக்கும் நாட்களில் 93 காட்டுபவருக்கு 89 காட்டினால் அது செய்தி. கை குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் பிழைபடும். நம் மக்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு: அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வில், கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டி ஆக்சிஜன் குறைவை மறைப்பது, வெள்ளையர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள்.

புகைமூட்டத்துக்குச் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினாலே அது ஆரோக்கியமற்ற நிலை. 200-ஐத் தாண்டினால் மிக மோசம். 300-க்கு மேல் அபாயம். 2015-லும் 2019-லும் செப்டம்பர் மாதப் புகையை நாம் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களுக்கு முன்பே நீலப் பம்பும் உறைகளும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, ஆண்டுதோறும் போடும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியையும் நிமோனியா தடுப்பூசியையும் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். 100-ஐத் தாண்டிய நாளில் சன்னலைச் சாத்தி, நடையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஆனால் மூச்சிழுக்கும் வேலையைக் கூட்டும். அவரால் தாங்க முடிகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல வேண்டாம்; அப்பா இல்லாத அறையில், சன்னல் திறந்திருக்க, அல்லது வாசலில் போடச் சொல்லுங்கள். கொசுவத்திச் சுருளை மட்டும் அவர் படுக்கும் அறையில் ஏற்றவே கூடாது, அங்கே அவர் இரவு முழுவதும் அதையே சுவாசிக்கிறார்.


கோலாலம்பூர் மருந்தாளர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மூச்சு அடைக்கும்போது மருந்து வேலை செய்யும்வரை என்ன செய்வது என்பதை நலமான நாளிலேயே பழக்கிவிடுங்கள்: முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேசையில் ஊன்றி உட்கார்வது, மூக்கால் இழுத்து உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவது, சிறு கைவிசிறியின் காற்றை முகத்தில் படச் செய்வது. கைவிசிறி மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு.


பட்டர்வொர்த் தாதியர்

மருத்துவர் குறிப்பிட்ட 2012 ஆய்வு எனக்குப் புதிது. அன்றே அழைத்துச் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். பிறைவாசி அவர்களே, அடுத்த முறை செல்லும்போது மஞ்சள் கட்டத்தில் தொலைபேசி எண் எழுதும் இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த தாள்களில் பெரும்பாலும் அது வெறுமையாகவே இருக்கும். அலுவலக நேரத்துக்கு ஓர் எண், அதற்குப் பிறகு எங்கே அழைப்பது என்பது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். வார்டிலிருந்து வீடு திரும்பினால் நான்கு வாரத்துக்குள் ஒரு சந்திப்பும், மூன்று நான்கு மாதத்தில் மற்றொன்றும் இருக்க வேண்டும். தேதி தராமல் அனுப்பினால் கேளுங்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, அதாவது பிசியோதெரபி பிரிவில் நடத்தும் உடற்பயிற்சி வகுப்பு, உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்றும் அன்றே விசாரியுங்கள். அப்பா வர மறுத்தால் முதல் நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கே அவர் வயதுடையவர்கள்தாம் பெரும்பாலும் இருப்பார்கள்.